பாகம் பிரியும் முன் மவுத்தானால் பங்கு போய்விடுமா?

 

மய்யித்தை அடக்கிவிட்டு வந்து இரண்டு வாரம்கூட ஆகாத வீடு. இளைய மகன் போய்விட்டான். அவன் மனைவி இத்தாவில் உள்ளறையில் இருக்கிறாள். சின்னப் பிள்ளை ஒன்று வாசலில் விளையாடிக் கொண்டிருக்கிறது. கூடத்தில் நாலு பெரியவர்கள். பேச்சு மெல்ல வீட்டுப் பத்திரத்தின் பக்கம் திரும்புகிறது. மூத்தவர் சொல்கிறார்:

"அத்தா சொத்து இன்னும் பாகமே பிரிக்கலையே பாய்! பிரிக்கறதுக்கு முன்னாடியே தம்பி போயிட்டான். பிரிக்காத சொத்துல மவுத்தானவனுக்கு ஏது பங்கு? அவன் பொண்டாட்டி பிள்ளைக்கு நாம பார்த்து ஏதாவது செய்வோம்."

எல்லாரும் தலையை ஆட்டுகிறார்கள். தேநீர் வருகிறது. கதை முடிந்தது.

ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும், தண்டையார்பேட்டை முதல் எண்ணூர் வரையிலும் இந்தப் பேச்சைக் கேட்காதவர் நம்மில் எத்தனை பேர்? அந்தக் கூடத்தில் நீங்களும் உட்கார்ந்திருக்கலாம். உங்கள் தலையும் ஆடியிருக்கலாம். அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் இந்தத் தலையங்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். "பாகம் பிரிக்கும் முன் இறந்தவனுக்குப் பங்கில்லை" என்று ஷரீஅத்தில் ஒரு சட்டம் கிடையாது. இந்திய நீதிமன்றங்களிலும் கிடையாது. அது நாமே நம் வசதிக்காக உண்டாக்கிக்கொண்ட சட்டம். அதற்குப் பலியாகிறவர்கள் விதவைகளும் எத்தீம்களும்!

பங்கு எப்போது பிறக்கிறது?

தகப்பனார் கண் மூடிய அந்த நொடியில் யார் யார் உயிரோடு இருந்தார்களோ, அவரவர் பங்கு அந்த நொடியிலேயே அவரவருக்குச் சேர்ந்துவிட்டது. பத்திரம் எழுதிய தேதியோ, பட்டா மாறிய தேதியோ, ஜமாஅத் கூடிய தேதியோ கணக்கில் இல்லை. பாகப்பிரிவினை என்பது ஏற்கனவே உங்களுடையதாகிவிட்ட பங்கை அளந்து, எல்லை காட்டித் தருகிற வேலை. பங்கைப் புதிதாக உண்டாக்குகிற வேலை அல்ல.

ஆகவே தகப்பனாருக்குப் பின் ஒரு நாள் வாழ்ந்து இறந்தாலும் அந்த மகன் வாரிசுதான். அவன் பங்கு அவனோடு கபருக்குள் போவதில்லை; அண்ணன் கணக்கிலும் சேர்வதில்லை. அது அவனுடைய வாரிசுகளுக்குப் போகும்.

இப்படி ஒரு சொத்து பங்கிடப்படும் முன்னரே வாரிசுகளில் ஒருவர் இறந்துவிட்டால் எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு நம் ஃபிக்ஹில் தனி அத்தியாயமே இருக்கிறது. 'முனாஸகா' என்று பெயர். ஹனஃபி மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் 'ஸிராஜிய்யா' நூலில் அந்தப் பாடம் உண்டு. அந்த நூலை 1792-ல் கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். வெள்ளைக்கார நீதிபதிக்குத் தெரிந்திருந்த பாடம் நம் வீட்டுக் கூடத்தில் மறந்து போனது எப்படி?

1885-ல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் இதே கேள்வி முழு அமர்வின் முன் வந்தது. தீர்ப்பை எழுதியவர் சர் சையத் அஹ்மத் கானின் மகன் நீதிபதி சையத் மஹ்மூத். இறந்தவருக்குக் கடன் இருந்தாலும் சரி, அது இன்னும் அடைபடாவிட்டாலும் சரி, வாரிசுகளின் பங்கு மரணத்தின் அந்தக் கணமே அவர்களைச் சேர்ந்துவிடுகிறது. அது அந்தரத்தில் தொங்குவதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். இந்திய நீதிமன்றங்கள் இன்றும் நிற்பது இந்த அடித்தளத்தின் மேல்தான். 1937-ம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் வாரிசுரிமையில் நமக்கு ஷரீஅத்தையே சட்டமாக்கியது. விவசாய நிலத்துக்கு அதில் இருந்த விலக்கையும் சென்னை மாகாணம் 1949-ல் நீக்கியது. ஆக, வீடானாலும் வயலானாலும் நமக்கு ஒரே கணக்குதான்.

ஒரு வீடு, மூன்று மரணங்கள்

கணக்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிடுவோம். பென்சிலும் காகிதமும் எடுத்துக் கொள்ளுங்கள்.

ஹார்பரில் உழைத்து ஒருவர் ராயபுரத்தில் வீடு வாங்கினார் என்று வையுங்கள். அவருக்கு மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். அவருடைய பெற்றோர் முன்பே இறந்துவிட்டனர். கடன், மரண சாசனம் எல்லாம் போக வீட்டின் மதிப்பு 1 கோடியே 44 லட்சம் ரூபாய். அவர் வஃபாத்தாகிறார்.

முதல் மரணம். மனைவிக்கு எட்டில் ஒன்று: 18 லட்சம். மீதி 126 லட்சம் பிள்ளைகளுக்கு, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதத்தில். ஆறு கூறு, கூறு ஒன்றுக்கு 21 லட்சம். மகன்களுக்கு 42 லட்சம் வீதம். மகள்களுக்கு 21 லட்சம் வீதம்.

யாரும் பிரிக்கவில்லை. எல்லாரும் அதே வீட்டில் இருக்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்து இளைய மகன் இறக்கிறான். அவனுக்கு மனைவி, ஒரு மகன், உயிரோடிருக்கும் தாய்.

இரண்டாவது மரணம். இப்போது பங்கிட வேண்டியது அவனுடைய 42 லட்சம். முதலில் அவனுடைய கடன்கள். மனைவிக்குக் கொடுக்காத மஹர் இருந்தால் அதுவும் கடன்தான், மறந்துவிடாதீர்கள்! அவையெல்லாம் இல்லை என்று கொண்டால், மனைவிக்கு எட்டில் ஒன்று: 5 லட்சத்து 25 ஆயிரம். தாய்க்கு ஆறில் ஒன்று: 7 லட்சம். மீதி 29 லட்சத்து 75 ஆயிரமும் மகனுக்கு. இறந்தவனுக்கு மகன் இருக்கும்போது அண்ணனுக்கோ சகோதரிகளுக்கோ அதில் ஒரு காசும் இல்லை.

அப்போதும் பிரிக்கவில்லை. பிறகு தாயும் இறக்கிறார்.

மூன்றாவது மரணம். தாயிடம் இருந்தது கணவர் வழியில் 18 லட்சம், மகன் வழியில் 7 லட்சம், ஆக 25 லட்சம். அவருக்கு வாரிசு, உயிரோடிருக்கும் ஒரு மகனும் இரண்டு மகள்களும். மகனுக்கு 12 லட்சத்து 50 ஆயிரம். மகள்களுக்கு 6 லட்சத்து 25 ஆயிரம் வீதம். இறந்த மகனின் பிள்ளைக்குப் பாட்டியின் சொத்தில் வாரிசுரிமை இல்லை, ஏனெனில் பாட்டிக்கு நேர் மகன் இருக்கிறார்.

கூட்டிப் பாருங்கள். மூத்தவருக்கு 54 லட்சத்து 50 ஆயிரம். சகோதரிகள் ஒவ்வொருவருக்கும் 27 லட்சத்து 25 ஆயிரம். இறந்தவனின் மனைவிக்கும் மகனுக்கும் சேர்த்து 35 லட்சம். மொத்தம் 1 கோடியே 44 லட்சம். ஒரு ரூபாய் குறையவில்லை, கூடவில்லை.

இப்போது கூடத்தில் நடந்த பேச்சுக்குத் திரும்புவோம். "பிரிக்கறதுக்கு முன்னாடியே போயிட்டான்" என்ற ஒரே வாக்கியத்தில் காணாமல் போனது எவ்வளவு? 35 லட்சம்! அதில் 29 லட்சத்து 75 ஆயிரம் வாசலில் விளையாடிக் கொண்டிருந்த அந்த எத்தீமின் பணம். எத்தீமின் சொத்தை அநியாயமாக உண்பவர்களைப் பற்றி அந்நிஸா அத்தியாயத்தின் 10-ம் வசனம் என்ன எச்சரிக்கிறது என்று நாம் எடுத்து எழுத வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் வீட்டில் குர்ஆனை விரித்துப் படியுங்கள். படித்த பிறகு அந்தக் கூடத்தில் தலையாட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

முன்னும் பின்னும்

இங்கே ஒரு குழப்பம் உண்டு. அதனால்தான் நல்லவர்களும் தவறுகிறார்கள்.

தகப்பனாருக்கு *முன்* இறந்த மகன் வேறு. தகப்பனாருக்குப் *பின்*, பாகத்துக்கு முன் இறந்த மகன் வேறு. முன்னவன் தகப்பனாருக்கு வாரிசே ஆகவில்லை. உயிரோடு வேறு மகன் இருந்தால் முன்னவனின் பிள்ளைகளுக்குப் பாட்டனார் சொத்தில் பங்கு வராது. பின்னவன் முழு வாரிசு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, முன்னவனுக்குரிய விதியைப் பின்னவன் தலையில் கட்டுகிறார்கள். எனவே முதலில் பார்க்க வேண்டியது இரண்டு மரணச் சான்றிதழ்களில் உள்ள தேதிகளை. தகப்பனார் தேதி முன்னதா, மகன் தேதி முன்னதா? ஒரே நாள் வித்தியாசத்தில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்து மாறும்.

முன்னவனின் பிள்ளைகளை ஷரீஅத் கைவிட்டுவிட்டதா? இல்லை. வாரிசாகாத அந்தப் பேரப்பிள்ளைகளுக்குச் சொத்தில் மூன்றில் ஒன்று வரை வஸிய்யத் செய்யப் பாட்டனாருக்கும் பாட்டிக்கும் உரிமை இருக்கிறது. நம் கணக்கில் வந்த அந்தத் தாய், உயிரோடிருக்கும்போது இளைய மகனின் பிள்ளைக்கு எட்டேகால் லட்சம் வரை எழுதி வைத்திருக்கலாம். முஸ்லிம்களின் வஸிய்யத்துக்கு ப்ரொபேட் கட்டாயமாக இருந்ததே இல்லை. சென்னை நகரத்துச் சொத்துக்கு இந்துச் சகோதரர்கள் எழுதும் உயிலுக்கு நெடுங்காலம் அந்தக் கட்டாயம் இருந்து வந்தது. கோர்ட் படியேறிக் காத்துக் கிடந்தார்கள். நமக்கு அந்தத் தடையும் இல்லை. தாமதம் முழுவதும் நம்முடையதே!

ராம்பூர் தரும் பாடம்

பிரிக்காமல் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

ராம்பூர் நவாப் ரஸா அலி கான் 1966-ல் காலமானார். மூன்று மனைவியர், மூன்று மகன்கள், ஆறு மகள்கள். கோட்டை கொத்தளம், அரண்மனை, தோட்டம், நகை, ஆயுதசாலை என்று சொத்து. மூத்த மகன் முர்தஸா அலி கான், "கத்தி எனக்கு, ஆகவே சொத்தும் எனக்கே" என்றார். அரியணையைத்தான் அங்கே கத்தி என்பார்கள். மற்றவர்கள், "ஷரீஅத்தின்படி பங்கு கொடு" என்று 1970-களின் தொடக்கத்தில் வழக்குக்குப் போனார்கள்.

வழக்கு நடந்தது. 1982-ல் முர்தஸா அலி கானே இறந்துவிட்டார். அவர் இடத்தில் அவருடைய பிள்ளைகள் வந்தார்கள். இன்னொரு மகன் சுல்ஃபிகார் அலி கான், ராம்பூரின் நாடாளுமன்ற உறுப்பினராகப் பலமுறை இருந்தவர், 1992-ல் சாலை விபத்தில் இறந்தார். அவர் இடத்தில் அவர் மனைவியும் பிள்ளைகளும். ஒரு வாரிசு விழ விழ, நாலு வாரிசு முளைத்தார்கள். கடைசியில் 2019 ஜூலை 31-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கத்தியோடு சொத்து போகாது, ஷியா சட்டப்படி எல்லா வாரிசுகளுக்கும், பெண்கள் உட்பட, பங்கு உண்டு.

1966-ல் ஒரே நாளில் சொல்லியிருக்க வேண்டிய பதில்! அதைச் சொல்ல 53 ஆண்டு ஆயிற்று. கேட்டவர்களில் பலர் பதிலைக் கேட்க இல்லை.

போபாலிலும் இதே கதைதான். நவாப் ஹமீதுல்லாஹ் கான் 1960-ல் காலமானார். சொத்துக்கு உரியவராகக் கருதப்பட்ட மகள் சாஜிதா சுல்தான் 1995-ல் இறந்தார். அவருடைய மகன், நாமெல்லாம் கிரிக்கெட் மைதானத்தில் அறிந்த மன்சூர் அலி கான் பட்டோடி, 2011-ல் இறந்தார். 2000-ல் வந்த விசாரணை நீதிமன்றத் தீர்ப்பை மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் 2025 ஜூனில் ரத்து செய்து, மறுபடியும் முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னது. அந்த உத்தரவை 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் நிறுத்தி வைத்தது. மூன்று தலைமுறை!

"அவர்கள் நவாப்கள், தாங்குவார்கள்" என்று சொல்லாதீர்கள். அரண்மனைச் சண்டையும் 600 சதுர அடி வீட்டுச் சண்டையும் ஒன்றுதான். வித்தியாசம் என்னவென்றால், அவர்களுக்கு வக்கீல் வைக்கக் காசிருக்கிறது. நம் விதவைக்கு பஸ் கட்டணமே பாரம்.

நம் பகுதியில் ஏன் இது புண்ணாகிறது?

வடசென்னையில் மனை சிறியது. குடும்பம் பெரியது. கீழே ஒரு மகன், மாடியில் ஒரு மகன், பின்போர்ஷன் வாடகைக்கு. பிரிப்பதென்றால் யார் எங்கே போவது? "பிரிக்காமல் இருப்பதே ஒற்றுமை" என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் நல்லெண்ணம் எழுத்தில் இல்லை. நினைப்பவர் மவுத்தானால் நல்லெண்ணமும் கூடவே போய்விடுகிறது.

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது. பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டித் தருகிறோம் என்று புரமோட்டர் கதவைத் தட்டுகிறார். "எல்லா வாரிசும் கையெழுத்துப் போடணும்" என்கிறார். அன்றுதான் இருபது வருஷம் தூங்கிய கேள்வி விழித்துக் கொள்கிறது. அன்றுதான் தம்பி மனைவியின் ஞாபகம் வருகிறது. பங்கு கொடுக்க அல்ல, கையெழுத்து வாங்க!

இங்கே சகோதரிகள் கவனிக்க வேண்டும். உங்களிடம் நீட்டப்படுவது பெரும்பாலும் விடுதலைப் பத்திரமாக இருக்கும். அதில் கையெழுத்திட்டால் உங்கள் பங்கை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். உங்கள் பங்கு எவ்வளவு என்று எண்ணில் தெரியாமல், அதற்கு ஈடு கையில் வராமல் கையெழுத்திடாதீர்கள். மனமுவந்து விட்டுக்கொடுக்க ஷரீஅத்தில் இடம் உண்டு. ஒரு தொகை வாங்கிக்கொண்டு விலகவும் இடம் உண்டு. கூச்சத்தால் இட்ட கையெழுத்து மனமுவந்தது ஆகுமா?

எத்தீமுக்காகத் தாய் இடும் கையெழுத்தும் செல்லாது. நம் தனியார் சட்டத்தில் சிறுவர்களின் சொத்துக்குத் தாயோ, பெரியப்பாவோ, மூத்த சகோதரனோ தாமாகக் கார்டியன் ஆக மாட்டார்கள். 1918-ல் பிரிவி கவுன்சில் சொன்னதும், 1952-ல் உச்சநீதிமன்றம் குடும்ப ஏற்பாடு ஒன்றைச் செல்லாது என்று சொன்னதும் இதைத்தான். பாட்டனார் இல்லை, தந்தை நியமித்தவரும் இல்லை என்றால், 1890-ம் ஆண்டு கார்டியன் சட்டப்படி நீதிமன்றத்தில் அனுமதி பெற வேண்டும். அப்படிப் பெறாமல் எழுதிய பத்திரத்தை அந்தப் பிள்ளை வளர்ந்து வந்து கேள்வி கேட்கும். வாங்கியவரும் மாட்டுவார், விற்றவரும் மாட்டுவார்.

வழக்கு ஏற்கனவே கோர்ட்டில் இருந்தால் இன்னொரு ஆபத்து. வாதியோ பிரதிவாதியோ இறந்தால் அவருடைய வாரிசுகளை வழக்கில் சேர்க்க 90 நாட்களுக்குள் மனுப் போட வேண்டும். தவறினால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். அதைச் சரி செய்ய மேலும் 60 நாள். அதுவும் தவறினால் ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் சொல்லி நிற்க வேண்டும். இத்தா 4 மாதம் 10 நாள் என்பதால் 90 நாள் இத்தாவுக்குள்ளேயே முடிந்துவிடும்! வக்காலத்தில் கையெழுத்து வாங்க வக்கீலின் குமாஸ்தா வீட்டுக்கே வரலாம். இத்தாவைக் காரணம் காட்டி ஒரு பெண்ணின் உரிமையை யாரும் காலாவதியாக்க விடாதீர்கள்.

முதல்நிலைத் தீர்ப்பு வந்த பிறகு ஒருவர் இறந்தால் எல்லாம் முடிந்ததா? இல்லை. இறுதித் தீர்ப்பு வரும் முன் வாரிசு இறந்து பங்குகள் மாறினால் நீதிமன்றம் பங்கை மறுபடி நிர்ணயிக்கலாம் என்று 1967-லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. முதல்நிலைத் தீர்ப்போடு கோப்பைக் கட்டி வைக்காமல், கட்சிக்காரர் தனி மனுப் போடக் காத்திராமல் இறுதித் தீர்ப்புக்குப் போக வேண்டும் என்று 2022-ல் விசாரணை நீதிமன்றங்களுக்கு அறிவுறுத்தியது.

என்ன செய்ய வேண்டும்?

சகோதரர்களே! குறை சொல்லிவிட்டுப் போவது நம் வேலையல்ல. இதோ, ஒவ்வொரு வீடும் செய்யக்கூடியவை:

ஒன்று. ஒருவர் வஃபாத்தானால், அவர் மனைவியின் இத்தா முடிவதற்குள் ஒரு காகிதம் எழுதுங்கள். மரணத் தேதி, அன்று உயிரோடிருந்த வாரிசுகள், சொத்துகள், கடன்கள், மஹர் பாக்கி. எல்லாரும் கையெழுத்திடுங்கள். பிரிக்க முடியாவிட்டாலும் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதிவிடுங்கள். ஆளுக்கொரு நகல். இதைப் பாகப்பிரிவினைப் பத்திரம் என்று நினைக்காதீர்கள். இது மறதிக்கும் மறைப்புக்கும் எதிரான சாட்சி.

இரண்டு. ஒவ்வொரு மரணத்துக்கும் தனித்தனி மரணச் சான்றிதழ். தாசில்தாரிடம் தனித்தனி வாரிசுச் சான்றிதழ். தகப்பனாரின் வாரிசுச் சான்றில் தம்பி பெயர் இருக்கும். தம்பி இறந்த பின் தம்பிக்கென்று இன்னொரு சான்று வேண்டும். வங்கிப் பணத்துக்குச் சில சமயம் நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்றும் கேட்பார்கள். வங்கி டெபாசிட்டில் நாமினி பணத்தை வாங்கி வைப்பவர்தான், சொத்துக்காரர் அல்ல என்று 2010-ல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே "நாமினி நான்" என்று ஒருவர் முழுப் பணத்தையும் அமுக்க முடியாது.

மூன்று. பிரிக்க முடிந்தால் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். குடும்பத்தாருக்குள் எழுதும் பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணத்தில் சலுகை உண்டு. வீடு துண்டு போட முடியாத அளவு சிறியதா? ஒருவர் மற்றவர்களுக்கு ரொக்கம் கொடுத்து எடுத்துக் கொள்ளட்டும். அல்லது விற்றுப் பணத்தைப் பங்கிடுங்கள். வழக்கென்று போனால், பாதிப் பங்கோ அதற்கு மேலோ உள்ளவர்கள் கேட்டால் வீட்டை விற்றுப் பங்கிட நீதிமன்றமே உத்தரவிடலாம் என்று 1893-ம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டம் சொல்கிறது. அந்த நிலைக்குப் போவானேன்?

நான்கு. பிரியும் வரை வாடகை வருமே, அது யாருடையது? மொத்த வாடகையையும் ஒருவரே வாங்கித் தின்னக்கூடாது. அதற்கும் அதே பங்குக் கணக்குதான். தம்பி மனைவிக்கு நீங்கள் 'பார்த்துக் கொடுப்பது' உங்கள் தர்மம் அல்ல, அவள் பணம்.

ஐந்து. ஜமாஅத் நிர்வாகிகளுக்கு. நிக்காஹ் தஃப்தர் வைத்திருக்கிறீர்கள். கபர்ஸ்தான் பதிவேடு வைத்திருக்கிறீர்கள். அதன் பக்கத்தில் வாரிசுப் பதிவேடு ஒன்றும் வையுங்கள். மய்யித்தை அடக்கிய அன்றே மரணத் தேதியும் வாரிசுகளின் பெயரும் அதில் ஏறட்டும். ஃபராயிள் தெரிந்த ஒரு ஆலிமையும் சிவில் வழக்கு தெரிந்த ஒரு வக்கீலையும் மாதம் ஒருமுறை பள்ளிவாசலில் உட்கார வையுங்கள். பெண்கள் வந்து கேட்க இடம் ஒதுக்குங்கள். ஆனால் ஒன்று: ஜமாஅத்தின் முடிவுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் வலு இல்லை. ஷரீஅத் மன்றங்களின் முடிவுகள் யாரையும் சட்டப்படிக் கட்டுப்படுத்தாது என்று 2014-ல் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. எனவே சமரசம் செய்து வைத்தால் அதைப் பதிவுப் பத்திரமாக்குங்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தால் சென்னை உயர்நீதிமன்றத்தில் 2005-ல் தொடங்கப்பட்ட சமரச மையத்தையும், லோக் அதாலத்தையும் பயன்படுத்துங்கள். லோக் அதாலத்தில் முடிந்தது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்.

உஹதிலிருந்து ஒரு விதவை

ஹிஜ்ரி 3-ல் உஹதுப் போர் நடந்தது. சஅத் இப்னு ரபீஃ (ரலி) அதில் ஷஹீதானார். அவருடைய மனைவி இரண்டு பெண் குழந்தைகளை அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். குழந்தைகளின் சிறிய தந்தை சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார் என்று முறையிட்டார். வாரிசுரிமை வசனம் இறங்கியது. நபி (ஸல்) அவர்கள் அந்தச் சிறிய தந்தையை அழைத்து, பெண் குழந்தைகளுக்கு மூன்றில் இரண்டு, அவர்களின் தாய்க்கு எட்டில் ஒன்று, மீதி மட்டுமே உமக்கு என்று தீர்ப்பளித்தார்கள். திர்மிதியிலும் அபூதாவூதிலும் இந்தச் செய்தி இருக்கிறது.

நம் வாரிசுரிமைச் சட்டம் எங்கே தொடங்கியது என்று பார்த்தீர்களா? கணவனை இழந்த ஒரு பெண்ணின் புகாரில்! அண்ணன் தம்பி எடுத்துக்கொண்டதைத் திருப்பி வாங்கிக் கொடுத்ததில்! அதே சட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு நாம் அந்தச் சிறிய தந்தையின் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறோமே, இது நியாயமா?

1985-ல், 86-ல் ஷரீஅத்தைக் காக்க வீதிக்கு வந்த சமுதாயம் இது. பொது சிவில் சட்டப் பேச்சு எழும்போதெல்லாம் தீர்மானம் போடுகிற சமுதாயம் இது. போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் ஒரு கேள்வி கேட்பார்: "உங்கள் ஷரீஅத் உங்கள் விதவைக்கு எட்டில் ஒன்று கொடுக்கிறதாமே, கொடுத்தீர்களா?" அதற்கு நம் தெருவில் பதில் இருக்க வேண்டும்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அது யார் பெயரில் இருக்கிறது? அவர் உயிரோடு இருக்கிறாரா? இல்லையென்றால், அவருக்குப் பின் வீட்டில் யாராவது இறந்திருக்கிறார்களா? அவர் விட்டுச் சென்ற பெண்ணும் பிள்ளையும் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

அவர்களைத் தேடிப் போய்க் கணக்கைச் சொல்லிவிட்டு வாருங்கள். அவர்கள் கேட்டு வரும்வரை காத்திருக்காதீர்கள்.